தசைக்கு ஒரு தராசு



சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்தில் ஒரு மாலை நேரம். எங்கள் கல்லூரி மாணவன் ஒருவன் இயற்பியல் ஆய்வகத்தின் வாசலில் வந்து நின்றான். 200 மீட்டர் ஓட்டக்காரன். மூன்று வாரங்களுக்கு முன் பயிற்சியின்போது அவனுடைய இடது பின்தொடைத் தசை கிழிந்திருந்தது. விளையாட்டு வீரர்கள் 'ஹேம்ஸ்ட்ரிங்' என்று சொல்வது இந்தத் தசைத் தொகுதியைத்தான்.

"இப்போது வலியே இல்லை சார். அடுத்த வாரம் போட்டி. உடற்கல்வி இயக்குநர் ஓடக்கூடாது என்கிறார். கால் சரியாகிவிட்டது என்று நீங்கள் அளந்து சொன்னால் ஒப்புக்கொள்வார்" என்றான்.

வலி இல்லை என்பதும், வலிமை திரும்பிவிட்டது என்பதும் ஒன்றா? இதை வாயால் பேசி முடிவு செய்ய முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும். உடல்நலத்தை அளக்க வெப்பமானியும் இரத்த அழுத்தமானியும் இருக்கின்றன. தசையின் வலிமையை எதைக் கொண்டு அளப்பது? இன்று உலகெங்கும் விளையாட்டு வீரர்கள் உடலில் அணிந்துகொள்ளும் சிறு உணர்விகள் இதற்காகவே வந்துள்ளன. அவற்றுள் இருப்பது பெரும்பாலும் நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியல்தான். அதைப் பார்ப்போம்.

எதை அளக்கிறோம்?

தசை செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: இழுப்பது. அதனால் தள்ள முடியாது. ஒவ்வொரு தசை நாரினுள்ளும் ஆக்டின், மயோசின் என்னும் இரு வகைப் புரத இழைகள் அடுக்கடுக்காக உள்ளன. ஒன்றின் இடையே மற்றொன்று நழுவிச் செல்வதால்தான் தசை சுருங்குகிறது என்பதை 1954-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்து வெளியிட்டன. ஒரு குழுவில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கேயும், மற்றொன்றில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இருந்தனர்.

ஆனால் தசை இழுக்கும் விசையை நாம் நேரடியாக அளக்க முடியாது. தசை எலும்பை இழுக்கிறது. எலும்பு மூட்டைச் சுற்றித் திரும்புகிறது. அதன் மறுமுனையில்தான் நமக்கு விசை கிடைக்கிறது. அதாவது, உடல் ஒரு நெம்புகோல் தொகுதி. உங்கள் முழங்கையை 90 பாகை மடக்கி, உள்ளங்கையில் 5 கிலோகிராம் எடையை ஏந்தியிருப்பதாகக் கொள்ளுங்கள். எடை முழங்கை மூட்டிலிருந்து 35 செ.மீ. தொலைவில் இருக்கிறது. மேற்கையின் முன்தசையோ மூட்டிலிருந்து ஏறத்தாழ 4 செ.மீ. தொலைவில்தான் எலும்பைப் பற்றியிருக்கிறது. இருபுறத் திருப்புத்திறன்களும் சமமாக வேண்டும்:

தசையின் விசை × 4 = (5 × 9.8) × 35

ஆகவே தசையின் விசை சுமார் 429 நியூட்டன். ஏறத்தாழ 44 கிலோகிராம் எடைக்குச் சமம்! கையின் சொந்த எடையை இதில் சேர்க்கவே இல்லை. 5 கிலோ அரிசிப் பையை ஏந்துவதற்குத் தசை இவ்வளவு பாடுபடுகிறது.

இதிலிருந்து ஒரு பாடம் கற்கிறோம். 'இவ்வளவு கிலோ இழுத்தான்' என்று மட்டும் சொன்னால் போதாது. மூட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் இழுத்தான் என்பதையும் சொல்ல வேண்டும். விசையையும் தொலைவையும் பெருக்கினால் கிடைக்கும் திருப்புத்திறனே வலிமையின் நியாயமான அளவு.

ஆய்வகத்தில் செய்த சோதனை

அந்த மாணவனின் காலை அளக்க, பழைய செய்தித்தாள் வாங்க வருபவர்கள் கையில் பார்த்திருப்பீர்களே, அது போன்ற கொக்கித் தராசு ஒன்றை எடுத்துக்கொண்டோம். எண் காட்டும் மின்னணுத் தராசு. அவனுக்குச் சிகிச்சை அளித்துவந்த இயன்முறை மருத்துவரும் உடன் இருந்தார். அவர் இல்லாமல் அடிபட்ட காலில் இப்படிச் சோதனை செய்திருக்க மாட்டோம்.

மாணவன் பெஞ்சின்மேல் குப்புறப் படுத்தான். முழங்காலை 90 பாகை மடக்கி, கீழ்க்காலை நேராக மேல்நோக்கி நிறுத்தினான். கணுக்காலில் ஒரு பட்டை. பட்டையிலிருந்து கிடைமட்டமாகத் தராசு. தராசின் மறுமுனை கால் பக்கத்துச் சுவரில் இருந்த கொக்கியில். இப்போது குதிகாலைப் பிட்டத்தை நோக்கி மெதுவாக, முடிந்த மட்டும் இழுக்க வேண்டும். கீழ்க்காலை ஏன் செங்குத்தாக நிறுத்தினோம் தெரியுமா? அந்நிலையில் அதன் எடை முழங்கால் மூட்டின் வழியாகவே செல்கிறது. எனவே எடைக்குத் திருப்புத்திறன் இல்லை. கணக்கில் குழப்பம் இல்லை.

வலது கால் மூன்று முறை இழுத்ததில் 21, 20.5, 21.5 கிலோகிராம் எடை. இடது கால் 14, 13.5, 14.5. பட்டை முழங்காலிலிருந்து 40 செ.மீ. தொலைவில் இருந்தது. எனவே வலது காலின் திருப்புத்திறன் சுமார் 82 நியூட்டன் மீட்டர். இடது காலுக்குச் சுமார் 55. வலி போய்விட்ட காலில் மூன்றில் ஒரு பங்கு வலிமையைக் காணவில்லை! வேகமாக ஓடும்போது, முன்னால் வீசிய காலைத் தடுத்து நிறுத்தும் வேலை பின்தொடைத் தசையுடையது. அந்த வேலையைச் செய்ய வலுவில்லாத தசையுடன் அவன் ஓடக் கிளம்பியிருந்தான். மாணவன் எண்களை இரண்டு முறை பார்த்தான். பிறகு ஒன்றும் பேசவில்லை.

விசை எப்படி எண்ணாகிறது?

தசை வலிமையை அளக்கும் கருவிகள் புதியன அல்ல. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரான்சு நாட்டின் எட்மே ரெஞ்ஞே என்பவர், நீள்வட்ட வடிவ எஃகு வில் ஒன்றைக் கொண்டு மனிதரின் பிடிவலிமையை அளக்கும் விசைமானியைச் செய்தார். வில் எவ்வளவு வளைகிறதோ அவ்வளவுக்கு முள் நகரும்.

இன்றைய கருவியில் வில்லும் முள்ளும் இல்லை. ஒரு கம்பி இருக்கிறது. கம்பியை இழுத்து நீட்டினால் அதன் மின்தடை மாறும் என்பதை 1856-இல் கெல்வின் பிரபு காட்டினார். இதைப் பயன்படுத்தி 1938-இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூகே ஆகிய இருவரும் தனித்தனியே திரிபுமானியை உருவாக்கினர். மெல்லிய கம்பி ஒன்றை மடித்து மடித்து உலோகத் துண்டின்மேல் ஒட்டிவிட வேண்டும். உலோகத் துண்டை இழுக்கும்போது அதனுடன் கம்பியும் நீள்கிறது, மின்தடை கூடுகிறது.

எவ்வளவு கூடும்? நீளத்தில் பத்தாயிரத்தில் 5 பங்கு நீட்சி ஏற்பட்டால், மின்தடையில் ஏறத்தாழ அதைப்போல் இருமடங்கு, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றம் ஏற்படும். 120 ஓம் மின்தடை 120.12 ஓம் ஆகும். இவ்வளவு சிறு மாற்றத்தை எப்படி அறிவது? இங்கேதான் உங்கள் ஆய்வகத் தோழன் வீட்ஸ்டன் சமனச்சுற்று உதவிக்கு வருகிறது. இதை முதலில் 1833-இல் விவரித்தவர் கிறிஸ்டி. 1843-இல் பலரும் அறியச் செய்தவர் வீட்ஸ்டன். நான்கு மின்தடைகளும் சமநிலையில் இருக்கும்போது நடுவில் மின்னழுத்தம் சுழி. ஒன்று சற்றே மாறினாலும் சமநிலை குலைந்து ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும். அதைப் பெருக்கி எண்ணாகக் காட்டுகிறார்கள்.

மளிகைக் கடையில் உங்களுக்குப் பருப்பு நிறுத்துக் கொடுக்கும் மின்னணுத் தராசுக்குள் இருப்பதும் இந்தத் திரிபுமானிதான். வீரர்களின் கணுக்காலில் பட்டையாகவும், காலணியின் அடியிலும் பொருத்தும் விசை உணர்விகள் பலவும் இதே வழியில் இயங்குகின்றன.

தசையின் மின்சாரம்

இரண்டாவது வழி, தசைக்கு வரும் கட்டளையை ஒட்டுக்கேட்பது. தசை நார்கள் சுருங்கும்போது அவற்றின்மேல் சிறு மின்துடிப்புகள் ஓடுகின்றன. மனிதன் தன் விருப்பப்படி தசையைச் சுருக்கும்போது தோன்றும் மின்சாரத்தை 1849-இல் ஜெர்மனியின் டூ புவா ரேமோன் கால்வனாமீட்டரில் காட்டினார். தோலின் மின்தடை குறுக்கே நின்றதால், கையில் கொப்புளம் உண்டாக்கித் தோலை அகற்றியும் சோதனை செய்து பார்த்தார்!

இன்று அந்த வேதனை தேவையில்லை. ஒட்டிக்கொள்ளும் இரண்டு மின்வாய்களைத் தசையின்மேல் சுமார் 2 செ.மீ. இடைவெளியில் வைத்தால் போதும். காற்சட்டையின் துணியிலேயே மின்வாய்களை நெய்துவிடுவதும் உண்டு. கிடைக்கும் மின்னழுத்தம் பெரும்பாலும் ஒரு சில மில்லிவோல்ட்டுக்குள்தான் இருக்கும். அறையின் மின்கம்பிகளிலிருந்து உடலுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதைவிடப் பெரிதாக இருக்கலாம். பின் எப்படிப் பிரிப்பது? இரைச்சல் இரு மின்வாய்களுக்கும் ஏறத்தாழச் சமமாக வருகிறது. தசையின் துடிப்போ அவற்றை வேறு வேறு நேரத்தில் கடக்கிறது. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரைச்சலின் பெரும்பகுதி நீங்கிவிடும். தசையின் குறி மிஞ்சும்.

ஆனால் இதில் எச்சரிக்கை தேவை. இந்தக் கருவி காட்டுவது தசைக்கு வந்த கட்டளையை. தசை தந்த விசையை அன்று. களைத்துப்போன தசை அதே எடையைத் தாங்குவதற்கு மேலும் பல நார்களை வேலைக்கு அழைக்கிறது. எனவே மின்குறி பெரிதாகிறது, விசை கூடுவதில்லை. தோலடிக் கொழுப்பு, வியர்வை, மின்வாய் வைத்த இடம் எல்லாமே எண்ணை மாற்றும். மின்குறி பெரிதாக இருப்பதால் வலிமையும் பெரிது என்று சொல்லிவிடக் கூடாது.

அசைவிலிருந்து விசை

மூன்றாவது வழி நியூட்டனின் இரண்டாம் விதி. பொருளின் நிறையும் முடுக்கமும் தெரிந்தால் விசை தெரியும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-ஆம் ஆண்டில், 49 கிலோகிராம் பிரிவில் மீராபாய் சானு 115 கிலோகிராமைத் தலைக்குமேல் தூக்கி, மொத்தம் 202 கிலோகிராமுடன் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 115 கிலோகிராமை அசையாமல் தாங்கவே 1127 நியூட்டன் வேண்டும். ஒரு கணத்தில் அந்தத் தண்டு மேல்நோக்கி 2 மீட்டர்/வினாடி² முடுக்கத்தில் செல்கிறது என்று வைத்துக்கொண்டால், அப்போது தேவையான விசை 115 × (9.8 + 2), அதாவது 1357 நியூட்டன். எனவே தண்டிலோ மணிக்கட்டிலோ ஒரு முடுக்கமானியைக் கட்டிவிட்டால் கணத்துக்குக் கணம் விசையைக் கணக்கிடலாம்.

வீரரின் உடலில் ஒரு பொருளைக் கட்டி அளப்பது நூறாண்டுப் பழமையான எண்ணம் என்றால் வியப்பாக இருக்கும். தசை ஆராய்ச்சிக்காக 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்ற ஏ.வி. ஹில், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஓட்டக்காரர்களைச் சோதித்தார். முடிவுகள் 1927-இல் வெளியாயின. ஓடுபவரின் உடலில் காந்தமேற்றிய எஃகுப் பட்டை. ஓடுபாதையின் ஓரமாக வரிசையாகக் கம்பிச் சுருள்கள். காந்தம் ஒவ்வொரு சுருளையும் கடக்கும்போது மின்தூண்டலால் கால்வனாமீட்டர் அசையும். அசைவுகளுக்கு இடைப்பட்ட நேரத்திலிருந்து ஓடுபவரின் வேகம் எப்படிக் கூடிக் குறைகிறது என்று ஹில் கண்டார். ஃபாரடேயின் விதியை அணிந்துகொண்டு ஓடியவர்கள் அவர்கள்!

இன்றைய முடுக்கமானி ஒரு மிளகைவிடச் சிறியது. அதனுள் சிலிக்கனால் ஆன மிகச் சிறு நிறை ஒன்று நுண்ணிய விற்களில் தொங்குகிறது. கருவி முடுக்கப்படும்போது அந்நிறை சற்றுப் பின்தங்குகிறது. அதனால் பக்கத்துத் தகடுகளுடன் அதன் மின்தேக்குத்திறன் மாறுகிறது. உங்கள் வீட்டுக் கைப்பேசிக்குள்ளும் இது இருக்கிறது.

இதற்கும் ஒரு குறை உண்டு. முடுக்கத்தைக் காலத்தோடு கூட்டிக்கொண்டே போனால்தான் வேகம் கிடைக்கும். கருவியில் 0.05 மீட்டர்/வினாடி² நிலையான பிழை இருந்தால், ஒரு வினாடிக்குப் பின் வேகத்தில் 0.05 மீட்டர்/வினாடி பிழை. பத்து வினாடிக்குப் பின் 0.5. தொலைவில் அப்போது 2.5 மீட்டர் பிழை! எனவே தண்டு அசையாமல் நிற்கும் ஒவ்வொரு முறையும் வேகம் சுழி என்று வைத்துப் புதிதாகக் கணக்கைத் தொடங்குகிறார்கள்.

சுமை கூடக் கூடத் தசை சுருங்கும் வேகம் குறையும் என்பதை 1938-இல் ஹில் ஒரு சமன்பாடாகவே தந்தார். பயிற்சியாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். சென்ற வாரம் தூக்கிய அதே எடை இன்று மெதுவாக எழும்பினால், வீரருக்குக் களைப்பு தீரவில்லை என்று ஐயுறலாம். முழு வலிமையையும் சோதித்து உடலை வருத்த வேண்டியதில்லை.

ஒரு தவறு கற்றுத்தந்த பாடம்

அந்த மாணவனிடம் திரும்புவோம். வாரந்தோறும் அளப்பது என்று முடிவு செய்தோம். அடுத்த வாரமே இடது கால் 16 கிலோகிராம் காட்டியது. மாணவன் துள்ளினான். எனக்கும் மகிழ்ச்சிதான். பிறகு பட்டையைக் கவனித்தேன். தோல் உறுத்துகிறது என்று அவன் அதைச் சற்று மேலே ஏற்றிக் கட்டியிருந்தான். அளவுகோல் வைத்துப் பார்த்தால் முழங்காலிலிருந்து 35 செ.மீ. கணக்கிட்டுப் பாருங்கள்: 16 × 35 = 560; சென்ற வாரம் 14 × 40 = 560. கால் இம்மியும் முன்னேறவில்லை! அன்று எண்ணை மட்டும் நம்பியிருந்தால் தவறான நம்பிக்கையுடன் அவனைப் பயிற்சிக்கு அனுப்பியிருப்போம்.

அதற்குப் பின் பட்டை வைக்கும் இடத்தில் மையால் கோடு போட்டோம். நேரம், உடலைச் சூடாக்கும் பயிற்சி, முழங்காலின் கோணம் எல்லாவற்றையும் ஒன்றாகவே வைத்தோம். கோணம் மாறினால் தசையின் நீளம் மாறும், இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு மாறும், விசையும் மாறிவிடும்.

நலமாக இருந்த வலது காலையும் ஒவ்வொரு முறையும் அளந்தோம். அது வாரத்துக்கு வாரம் ஒரு கிலோ அளவுக்கு மேலும் கீழுமாக ஆடியது. அந்தக் காலில் ஒரு மாற்றமும் இல்லை. அது அளவீட்டின் இயல்பான ஆட்டம். எனவே இடது காலில் அரை கிலோ கூடினால் அதைச் செய்தியாகக் கொள்ளக் கூடாது என்று தெரிந்துகொண்டோம். இடது காலின் எண்கள் மூன்றாம் வாரத்திலிருந்து இவை: 15, 16.5, 17.5, 17, 19, 20. ஆறாம் வாரத்தில் 17.5 என்பது 17 ஆகக் குறைந்ததும் மாணவன் கலங்கினான். வலது காலின் ஆட்டத்தைக் காட்டி ஆறுதல் சொன்னேன். தனி எண்ணைப் பார்க்காதே, கோட்டின் போக்கைப் பார் என்றேன்.

இரு கால்களுக்கும் இடையே வேறுபாடு பத்து விழுக்காட்டுக்குள் வர வேண்டும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகக் கொள்ளும் குறிகளுள் ஒன்று. எட்டாம் வாரத்தில் அது நிறைவேறியது. ஆயினும் இயன்முறை மருத்துவர் எண்ணை மட்டும் பார்த்து விடைகொடுக்கவில்லை. ஓடவிட்டுப் பார்த்தார், தசையை அழுத்திப் பார்த்தார், பிறகே சம்மதித்தார். அதுதான் சரி. இனி அடிபடாது என்று எந்த உணர்வியும் உறுதி தர முடியாது. வலுவிழந்த தசையைக் காட்டிக்கொடுக்க மட்டுமே அதனால் முடியும்.

அவன் விரும்பிய போட்டி அவனில்லாமலே நடந்து முடிந்தது. அடுத்த பருவத்துப் போட்டியில் நான்காவதாக வந்தான். பதக்கம் இல்லை, ஆனால் முழுத் தொலைவையும் இரண்டு கால்களாலும் ஓடினான்.

நீங்களும் செய்து பாருங்கள்

நண்பன் ஒருவனைக் கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக மேலே குதிக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் அவன் பாதங்களைப் படமெடுத்து, மெதுவாக ஓடவிட்டு, தரையை விட்டதிலிருந்து தரையைத் தொட்டது வரை ஆன நேரத்தைக் காணுங்கள். அதில் பாதி நேரம் ஏற்றம், பாதி நேரம் இறக்கம். எனவே

குதித்த உயரம் = 9.8 × நேரம் × நேரம் ÷ 8

0.5 வினாடி என்றால் சுமார் 31 செ.மீ. இறங்கும்போது முழங்காலை மடக்கினால் நேரம் நீளும். உயரம் பொய்யாகக் கூடும். நீட்டிய காலுடனேயே தரையைத் தொட்டு, தொட்டபின் மடக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று குதிப்புகள், வாரம் இருமுறை, ஒரு மாதம் குறித்துவையுங்கள். வரைபடத் தாளில் புள்ளியிடுங்கள். காலில் வலியோ காயமோ உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

விடை காணுங்கள்

1. கணுக்காலில் 40 செ.மீ. தொலைவில் 14 கிலோகிராம் காட்டிய கால், பட்டையை 32 செ.மீ. தொலைவில் கட்டினால் எவ்வளவு காட்டும்?

2. குதிக்கும் நேரம் 0.5-லிருந்து 0.6 வினாடியானால் உயரம் எத்தனை மடங்காகும்? 1.2 மடங்கு என்று சொன்னால் ஏன் தவறு?

3. மேசைமேல் அசையாமல் கிடக்கும் முடுக்கமானி 9.8 காட்டுகிறது. அதுவே தடையின்றி விழும்போது சுழி காட்டுகிறது. ஏன்? உள்ளே தொங்கும் சிறு நிறையை நினைத்துக்கொண்டு யோசியுங்கள்.